வெளிச்சவீட்டை விழுங்கியவர்

நாலு பக்கமும் கடலும் நடுவில் ஒரு பாராளுமன்றமுமாக, ஜனாதிபதி தும்மினால் எதிர்க்கட்சித் தலைவர் தன் வீட்டு முற்றத்தில் நின்றபடியே "நூறு வயசு" என்று சொல்லிவிடக்கூடிய அளவுக்குச் சின்னதாக இருந்த நெடுமணல் என்ற நாட்டில், சந்தியாப்பிள்ளை என்றொரு அமைச்சர் இருந்தார். துறைமுகம், கடற்றொழில், கரையோர வெளிச்சம் ஆகிய மூன்றும் அவருடைய பொறுப்பு. அந்த நாட்டில் துறைமுகம் கிடையாது, கடற்றொழில் யாரையும் கேட்காமல் தன்பாட்டில் நடந்தது, கரையோரத்தில் மின்மினி தவிர வேறு வெளிச்சமும் இல்லை. என்றாலும் மூன்றுக்கும் தனித்தனி வாகனங்கள் இருந்தன.

நெடுமணல் ஜனங்கள் காலைத் தேத்தண்ணியோடு அரசாங்கத்தைத் திட்டத் தொடங்கினால் படுக்கப் போகும்வரை ஓயமாட்டார்கள். ரோட்டை ஒருத்தன் விழுங்கிவிட்டான், ஆஸ்பத்திரிக் கூரையை இன்னொருத்தன் விழுங்கிவிட்டான், சங்குமுனைக்கு வரவேண்டிய வெளிச்சவீட்டைச் சந்தியாப்பிள்ளை அடியோடு விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டார் என்று பஸ்ஸிலும் சந்தையிலும் கோயில் வாசலிலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே அது நடந்தது என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அமைச்சரின் மனைவி அக்னேஸ் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. அவளுக்கு யோசிக்க வேறு விஷயம் இருந்தது.

அக்னேஸ் சங்குமுனையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். சந்தியாப்பிள்ளை ஒற்றைச் சட்டையோடு மீனவர் சங்கத்தில் எழுத்து வேலை பார்த்த காலத்தில், சங்கக் கூட்டத்தில் அவர் பேசிய பேச்சைக் கேட்டுத்தான் கழுத்தை நீட்டினாள். சங்குமுனைக்கு எதிரே கடலுக்கடியில் பார் என்று சொல்லும் முருகைக்கல் பாறைத்திட்டு ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது, அங்கே ஒரு வெளிச்சவீடு கட்டாமல் நான் ஓயமாட்டேன் என்பதுதான் அந்தப் பேச்சு. அவர் ஓயவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் அதையே பேசினார். வள்ளங்கள் இருட்டில் வந்து அந்தப் பாரில் மோதிக்கொண்டேயிருந்தன. உடைந்த வள்ளத்துப் பலகையில் கதவு போடாத வீடு அந்தக் கரையில் குறைவு. போன மாரியில் அக்னேஸின் தம்பி மடுத்தீனின் வள்ளமும் உடைந்தது. ஒரு பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்து வந்தவன், கால் நொண்டியபடி நேரே அக்காவின் வீட்டுக்குத்தான் வந்தான்.

"அத்தான், நீங்கள் கட்டின வெளிச்சவீடு எங்க?" என்று கேட்டான்.

"கட்டுமானம் இறுதிக் கட்டத்தில இருக்குது தம்பி" என்றார் அமைச்சர்.

மடுத்தீன் கையிலிருந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. அத்தானோடு பேச்சே இல்லை. அக்காவோடும் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். இரவல் வள்ளத்தில் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கினான். பின்னேரமானால் அக்னேஸ் வாசலுக்கு வந்து கடல் பக்கம் பார்ப்பாள்.

வெளிச்சவீடு முழுதாகக் கட்டி முடிந்துவிட்டது என்று சந்தியாப்பிள்ளை கையெழுத்து வைத்துவிட்டு வந்த அன்று, வழக்கம்போல் பொழுதுபட்டதும் கறண்ட் போனது. அவர் இருட்டிலேயே இடியப்பமும் மீன் சொதியும் திருப்தியாகச் சாப்பிட்டு, கதிரையில் சாய்ந்து, ஊர் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த அந்த ஏப்பத்தை விட்டார். விட்டதும் சுவரில் பளீரென்று வெளிச்சம் அடித்தது. கலண்டரில் இருந்த மாதா தெரிந்தாள், மூலையில் ஒட்டடை தெரிந்தது, யன்னல் வழியே வெளிச்சம் பாய்ந்து அடுத்த வீட்டு மதிலில் விழ, அந்த வீட்டுப் பிள்ளைகள் "கறண்ட் வந்திட்டுது!" என்று கத்திக் கை தட்டினார்கள். அவர் வாயை மூடினார். இருண்டது. "போயிட்டுது" என்று அடுத்த வீட்டில் யாரோ மின்சார அமைச்சரின் பரம்பரையைத் திட்டினார்கள்.

"இன்னொருக்கா ஆவெண்டுங்கோ" என்றாள் அக்னேஸ்.

அவர் ஆவென்றார். அவள் குனிந்து பார்த்தாள். நாக்குக்குப் பின்னால், உண்ணாக்குக்கும் அப்பால், வெகு ஆழத்தில் சுற்றுப்படிகள் தெரிந்தன. படிகளின் உச்சியில் கண்ணாடிக்குள் ஒரு பெரிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்னப்பா தெரியுது?" என்றார் அவர், திறந்த வாயோடு.

"படி தெரியுது. வெள்ளை அடிச்சிருக்கு."

"நல்ல சுண்ணாம்போ?"

"நல்ல வேலையாத்தான் கிடக்கு. வாயை மூடுங்கோ, பூச்சி வருது."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரோர்ச் லைட்டுக்குப் பற்றரி இல்லாமல் மாதக்கணக்காக நோயாளிகளின் தொண்டையை ஊகத்தில் பார்த்துவந்த டொக்டர் விசாகரட்ணம், இப்படியொரு தொண்டையைக் கண்டதும் சந்தோஷப்பட்டார். வாயைத் திறந்தபடியே கொஞ்சம் இருங்கள் என்று அமைச்சரிடம் சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற ஒரு தச்சனின் விரலுக்கு அந்த வெளிச்சத்தில் தையல் போட்டார். பிறகுதான் அக்னேஸிடம் திரும்பி, வியாதி என்று சொல்ல ஒன்றுமில்லை, கட்டடம் உறுதியாக இருக்கிறது என்றார்.

"எடுக்கேலாதோ டொக்டர்?"

"எடுக்கலாம் அம்மா. ஆனால் வாசல் சின்னன், கட்டடம் பெரிசு."

செய்தி தலைநகருக்குப் போய்ச் சேர்ந்ததுமே மற்ற அமைச்சர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தன் வயிற்றுக்குள் என்ன எழும்பி நிற்கிறதோ, திறந்தால் எது எட்டிப் பார்க்குமோ என்று ஒவ்வொருவருக்கும் பயம். அமைச்சரவை தலையசைப்பிலேயே நடந்தது. புதிய வாக்குறுதி எதுவும் வரவில்லை, புதிய வரியும் வரவில்லை, ரேடியோவில் பாட்டு மட்டும் போனது. நாடு கொஞ்சம் முன்னேறிவிட்டதுபோல ஜனங்களுக்கே ஒரு மயக்கம் ஏற்பட்டது.

சந்தியாப்பிள்ளை மட்டும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, கஞ்சியை உறிஞ்சிக் குடித்துக்கொண்டு, கொட்டாவி வந்தால் தலையணையை வாயில் வைத்துக்கொண்டு கிடந்தார். தென்கடல் பொருமிய ஒரு பின்னேரம், வள்ளங்கள் எதுவும் திரும்பாததைக் கேள்விப்பட்டு அக்னேஸ் அவர் முன்னால் போய் நின்றாள். கடற்கரைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"இஞ்சாருங்கோ, முனையில கூட்டம் கூடியிருக்கு. நீங்கள் வந்து பேசவேணுமாம்."

அவர் தலையணையைக் கீழே வைத்தார். "எவ்வளவு சனம்?"

சனம் உண்மையாகவே நின்றது. புருஷன்மாரும் பிள்ளைகளும் கடலில் இருக்க, சங்குமுனைப் பெண்கள் அத்தனை பேரும் கரையில்தான் நின்றார்கள். அக்னேஸ் அவர்களை நீர் விளிம்பில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்தாள். பூவரசம் பூவில் அவசரமாகக் கட்டிய மாலை ஒன்று விழுந்தது. முனையின் கறுத்தப் பாறையில் ஏறி நின்ற சந்தியாப்பிள்ளை, கை தட்டல் ஓயும்வரை காத்திருந்து, "எனது பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய வாக்காளப் பெருமக்களே" என்று வாயைத் திறந்தார். அந்த ஒற்றை விளிப்பிலேயே வெளிச்சம் பெண்களின் தலைக்கு மேலால் பாய்ந்து, பாரைத் தாண்டி, அதற்கப்பால் தவித்துக்கொண்டிருந்த வள்ளங்களின் முகத்தில் விழுந்தது. மேடையில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பேசுவது அவர் பழக்கம். வெளிச்சமும் கடலை இப்படியும் அப்படியும் துழாவியது. வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. கடைசி வள்ளம் வந்ததும் பெண்கள் கலைந்து போனார்கள். அவர் அப்போது பேச்சின் முன்னுரையை முடித்திருந்தார்.

அதற்குப் பிறகு சங்குமுனையில் பொழுதுபட்டால் கூட்டம். பெண்கள் முறை வைத்து வந்தார்கள். மீன் வெட்டும் யுஸ்தீனா அதற்குப் பொறுப்பாக இருந்தாள்; எந்த இடத்தில் கை தட்டினால் ஐயா உற்சாகமாவார், எந்த இடத்தில் சோடா கொடுக்கவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியானது. பிள்ளைகள் புத்தகத்தைக் கொண்டுவந்து மணலில் இருந்து படித்தார்கள்; வெளிச்சம் தங்கள் பக்கம் திரும்பும்போது ஒரு வரி, அது போய்த் திரும்பி வரும்போது அடுத்த வரி. பாதர் மாலைப் பூசையை முன்னுக்குத் தள்ளினார். கடலில் நிற்பவர்களும் பேச்சைப் படித்துக்கொண்டார்கள். பழம்பெருமை பேசும்போது ஐயா கிழக்கே திரும்புவார், எதிர்காலத்தைப் பேசும்போது மேற்கே திரும்புவார், எதிர்க்கட்சியைத் திட்டும்போது நேரே நின்று வாயை அகலத் திறப்பார். பாருக்கு நடுவே இருக்கும் வாய்க்காலால் நுழைய அந்த வசவு நேரம்தான் தோது. "எதிர்க்கட்சி வரட்டும், பிறகு விடுவம்" என்று வள்ளத்தை நிறுத்திவைத்துக் காத்திருப்பார்கள்.

இது அநியாயப் பிரசாரம் என்று எதிர்க்கட்சித் தலைவர் ஆட்சேபித்து, தனக்கும் பாதி நேரம் வேண்டுமென்று முனைக்கே வந்து பாறையில் ஏறி வாயைத் திறந்தார். அவர் முந்தின ஆட்சியில் எரிபொருள் அமைச்சராக இருந்தவர். திறந்ததும் கரை முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது. சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். அவரை மெதுவாகக் கீழே இறக்கி, வெயிலில் நிற்கவேண்டாம் என்று புத்தி சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

சந்தியாப்பிள்ளைக்கு வாழ்க்கையில் இப்படியொரு கூட்டம் கிடைத்ததில்லை. பிரியாணிப் பார்சல் கொடுக்காமல், லொறி அனுப்பாமல், தினமும் தானாக வந்து நிற்கும் கூட்டம். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "இண்டைக்கு அந்த மூன்றாவது பகுதியில சனம் அப்பிடியே கரைஞ்சுபோச்சுது, கண்டனியோ?" என்று கேட்பார். கண்டேன் என்பாள் அக்னேஸ். அவள் கண்டதெல்லாம் தம்பி வராததை.

மடுத்தீன் அந்த வெளிச்சத்தில் கரை ஏறுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தான். எல்லா வள்ளங்களும் முனையைப் பார்த்து வர, அவன் மட்டும் வடக்கே சுற்றிப் போய், கண்டல் காட்டுச் சேற்றில் வள்ளத்தை ஏற்றிவிட்டு, நொண்டி நொண்டி இருட்டில் வீட்டுக்கு நடந்தான். அக்னேஸ் கோயில் வாசலில் மறித்துக் கேட்டாள்.

"உனக்கென்னடா, உயிரை விட ரோசமோ பெரிசு?"

"ரோசமில்லை அக்கா. அந்த வெளிச்சத்தில வந்தால் அந்தப் பேச்சுக்கும் கை தட்டினமாதிரி. என்ர வள்ளம் அந்தப் பேச்சாலதான் உடைஞ்சது."

தானும் அந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் மயங்கியவள் என்பது நினைவுக்கு வந்து, தம்பியைத் திட்டவும் முடியாமல் புருஷனைத் திட்டவும் முடியாமல் மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்திவைத்துவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் நெடுமணலுக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள், கொடுத்த கடனில் என்னென்ன எழும்பியிருக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டு வந்தார்கள். காட்டுவதற்கு ஜனாதிபதியிடம் ஒன்றுமில்லை. கடைசியில் சந்தியாப்பிள்ளைதான் நினைவுக்கு வந்தார். ஜனாதிபதி மாளிகையில் பெரிய விருந்து. மேசைக்கு நடுவே அவரை உட்காரவைத்து, நாட்டின் முதலாவது நடமாடும் வெளிச்சவீடு என்று காட்டுவதாக ஏற்பாடு. வந்து வாயைத் திறந்தால் பிரதமர் பதவி என்று சொல்லி, சங்குமுனைக்கு ஜீப்பும் அனுப்பினார்கள்.

ஜீப் வந்த பின்னேரம் தெற்கே வானம் கறுத்துக் கிடந்தது. அமைச்சர் வெள்ளை உடுப்புப் போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வெளிக்கிட்டார்.

"இண்டைக்குப் போகாதேங்கோ" என்றாள் அக்னேஸ். "வள்ளமெல்லாம் வெளியில நிக்குது. காத்துத் திரும்பிட்டுது."

"பிரதமர் பதவியப்பா, அக்னேஸ்."

"பிரதமரானால் மட்டும் வாயில ரெண்டு விளக்கோ எரியப்போகுது?"

"ஒருநாள்தானே. ஒருநாளைக்குச் சமாளிக்கட்டும்."

அவர் ஏறி உட்கார்ந்தார். ஜீப் புறப்பட்டது. அக்னேஸ் செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் நடந்தாள். போகும் வழியில் யுஸ்தீனாவும் மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் ஓடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. தலைநகருக்குப் போகும் ரோட்டைத்தான் நெடுஞ்சாலை அமைச்சர் எப்போதோ விழுங்கிவிட்டாரே. மழை கொட்டத் தொடங்கியதும், முனைக்குப் பக்கத்து வளைவிலேயே ஜீப் சேற்றுக்குள் அச்சுவரை இறங்கிவிட்டது. கீழே கால் வைத்த சந்தியாப்பிள்ளையின் வெள்ளைக் காற்சட்டை முழங்கால்வரை சேறானது. அவருக்கு வந்ததே கோபம்.

"ரோட்டை விழுங்கின கள்ளன்!" என்று கடலைப் பார்த்துக் கத்தினார். "நாட்டுச் சொத்தைத் தின்ற நாய்! நீ நல்லா இருப்பியோடா?"

வெளிச்சம் மழையைக் கிழித்துக்கொண்டு போனது. யுஸ்தீனாதான் முதலில் கண்டாள்.

"அக்கா, கிழக்கே ரெண்டு வள்ளம் திரும்புது!" பிறகு அமைச்சரிடம் குரலை உயர்த்தி, "ஐயா, அவர் பாலத்தையும் விழுங்கினவராம்!" என்றாள்.

"பாலமோ? பாலம் மட்டுமோ?" என்றார் சந்தியாப்பிள்ளை. "அவன்ர மருமகன் விழுங்கினதைக் கேளுங்கோ!"

கேட்டார்கள். மருமகன் விழுங்கியதை, மச்சான் விழுங்கியதை, சகலன் விழுங்கியதை எல்லாம் கொட்டும் மழையில் நின்று கேட்டார்கள். ஓய்ந்தால் அடுத்த அமைச்சரின் பெயரை எடுத்துக் கொடுத்தார்கள். இவ்வளவு உண்மையை அவர் ஒரே மூச்சில் பேசி யாரும் கேட்டதில்லை. கேட்டவர்களின் கவனமும் பேச்சில் இல்லை, கடலில் இருந்தது. வள்ளங்கள் வந்துகொண்டேயிருந்தன. நனைந்த மனிதர்கள் தங்கள் பெண்களின் தோளைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார்கள். அமைச்சரின் தொண்டை கட்டி, கத்தல் கரகரப்பாகி, கரகரப்பு வெறும் காற்றாகியது. வாயை மூடினார். இருண்டது.

"எல்லாரும் வந்தாச்சோ?" என்று பல்லைத் திறக்காமல் கேட்டது அவருடைய குரலா என்றே தெரியவில்லை.

"மடுத்தீன் வரேல்ல" என்றாள் அக்னேஸ்.

கண்டல் காட்டுப் பக்கம் அன்று போகமுடியாது, அந்தக் காற்று வள்ளத்தை நேரே பாரில்தான் கொண்டுவந்து போடும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். 

"அவன் என்ர வெளிச்சத்தில வரமாட்டானெண்டு சொன்னவன்" என்றார் அமைச்சர்.

"வேற என்ன வெளிச்சத்தைக் குடுத்தனீங்கள் அவனுக்கு?"

அப்போது சாரதி ஓடிவந்தான். ஜீப் சேற்றிலிருந்து எழும்பிவிட்டது, மாளிகையிலிருந்து போன் வந்தது, சூப் பரிமாறியாகிவிட்டதாம், எல்லோரும் இருட்டில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்களாம் என்றான். சந்தியாப்பிள்ளை ஜீப்பைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. தெரியவேண்டுமானால் வாயைத் திறக்கவேண்டும். திறந்தார். பார்த்தார். பிறகு சேற்றில் சறுக்கிச் சறுக்கிப் போய், கறுத்தப் பாறையில் ஏறினார்.

குரல் இல்லை. யாரும் கை தட்டவுமில்லை. மேல்தாடையை ஒரு கையாலும் கீழ்த்தாடையை மற்றக் கையாலும் பிடித்து, மழை வாய்க்குள் விழுந்து வழிய, நின்றார். பழம்பெருமையும் எதிர்காலமும் தீர்ந்துபோனதால் எந்தப் பக்கம் திரும்புவதென்று அவருக்குத் தெரியவில்லை. அக்னேஸ் பின்னால் ஏறி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கிழக்கேயும் மேற்கேயும் மெல்ல மெல்லத் திருப்பினாள். அவர் சாப்பாட்டுக்கு வாய் திறந்து பார்த்திருக்கிறாள், வாக்குக்குத் திறந்து பார்த்திருக்கிறாள், குறட்டைக்குத் திறந்து பார்த்திருக்கிறாள். இன்னொருவனுக்காக அவர் வாய் திறந்து அவள் பார்த்ததில்லை. ஈரத்தில் கை வழுக்கியது. பிடியை விடவில்லை.

வெகுநேரம் கடலில் நுரை மட்டும் தெரிந்தது. பிறகு நுரைக்கு நடுவே கறுப்பாக ஒன்று தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. பாரின் வாய்க்காலுக்கு நேரே வந்து நின்று, வெளிச்சம் திரும்பி வரும்வரை பொறுத்து, ஒரே இழுப்பில் உள்ளே நுழைந்தது. ஆண்கள் கழுத்தளவு தண்ணீரில் பாய்ந்து வள்ளத்தைப் பிடித்தார்கள்.

மடுத்தீன் மணலில் இறங்கி, கால் பதிந்ததை நம்பாதவன்போல இரண்டு தரம் மிதித்துப் பார்த்தான். பிறகு வெளிச்சத்தைப் பார்த்தான். அது எங்கேயிருந்து வருகிறதென்று தெரிந்ததும் அவன் முகம் மாறியது.

"பேச்சுச் சத்தம் ஒண்டும் கேக்கேல்ல" என்றான், யாரையும் பார்க்காமல். "அதால, மெய்யாவே கட்டிட்டாங்களெண்டு நினைச்சன்."

பாறைமேல் நின்ற மனிதர் பேசவும் முடியாமல், வாயை மூடவும் முடியாமல், தாடை இறுகிப்போய் நின்றார். கண்ணில் வழிவது மழைதானா என்று யாரும் ஆராயவில்லை. மடுத்தீன் கையை நெற்றிக்குக் கொடுத்துக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்தான்.

"அத்தான், வாயை மூடுங்கோ. கண் கூசுது" என்றான்.

அக்னேஸ் இரண்டு கைகளாலும் அவர் நாடியைத் தாங்கிப் பிடித்து மூடினாள். கரை முழுக்க ஒரேயடியாக இருண்டது. ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள், யாரோ மீன் கூடைக்குள் விழுந்தார்கள், யுஸ்தீனா தன் புருஷனென்று நினைத்துச் சாரதியைத் தோளைப் பிடித்து இழுத்தாள். எங்கேயோ ஒரு சிரிப்பு வெடித்து, அது கரை முழுக்கப் பரவி, அக்னேஸுக்கும் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகவேண்டும். ஜீப்பை அந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். மடுத்தீன் நொண்டியபடி வந்து, பின்னால் நின்று அத்தானின் தோளில் கை வைத்தான்.

"கொஞ்சம் திறவுங்கோ. அவ்வளவு வேண்டாம். ஆ, இவ்வளவு காணும்."

முன்னால் அமைச்சரும், அவர் தோளைப் பிடித்தபடி மடுத்தீனும், அவனுக்குப் பின்னால் அக்னேஸும், அவளுக்குப் பின்னால் ஈரம் சொட்டச் சொட்ட ஊர் முழுவதுமாக, ரோடு இருக்கவேண்டிய இடத்தால் நடந்தார்கள்.

"வலப்பக்கம், அத்தான்" என்றான் மடுத்தீன். "முன்னால பெரிய குழி."

அமைச்சர் வலப்பக்கம் திரும்பினார்.